பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தில் பேசப் போகும்போது: ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு

"ஹெச்எம் உங்களை வரச் சொன்னாங்க" என்று பிள்ளை வந்து சொன்னால் பல வீடுகளில் அன்று இரவு தூக்கம் போய்விடும். அந்தப் பிள்ளைக்குக் காது மந்தமோ, நடையில் சிரமமோ, ஆட்டிசமோ, எழுத்துக்கூட்டிப் படிக்க வராத சிக்கலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். மறுநாள் போய் நின்று, நாலு முறை "சரிங்க சார்" சொல்லிவிட்டுத் திரும்புவோம். என்ன பேசினார்கள் என்று வீட்டில் கேட்டால், "வீட்டுல பார்த்துக்கச் சொன்னாங்க" என்பதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அந்த அரை மணி நேரத்தை எப்படி உருப்படியாக்குவது என்பதுதான் இங்கே விஷயம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று எந்த ஊராக இருந்தாலும், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். யூடியூபில் 'ஐஇபி மீட்டிங்' (ஒரு பிள்ளைக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டம், அதாவது தனிநபர் கல்வித் திட்டம், பற்றிய கூட்டம்) என்று தேடினால் வருகிற வீடியோக்களில் பல அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோரையும் சேர்த்து உட்காரவைத்துத் திட்டத்தைப் பார்த்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் அப்படித் தேதி குறித்துக் கடிதம் வராது. நாம் கேட்டால்தான் கூட்டம். ஆனால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் 16ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், அவரவர் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும். இந்த மூன்றும் நினைவில் இருந்தால் போதும். பிரிவு எண்ணைக் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே வீச வேண்டாம்; அது கடைசிக்கு.

யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும் தெரியும். பலருக்குத் தெரியாத ஆள், ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகமான வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர். ஊரில் 'ஸ்பெஷல் டீச்சர்' என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உள்ளடக்கிய கல்வி என்ற பிரிவில் வேலை பார்ப்பவர்கள் இவர்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பதால் உங்கள் பள்ளிக்கு என்றைக்கு வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதுகிறவர் பெரும்பாலும் இவர்தான். இவர் இல்லாமல் நடக்கும் கூட்டம் பாதிக் கூட்டம்தான். உடற்பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளுக்கு இயன்முறை மருத்துவரும் வட்டார வள மையம் வழியாகவே வருவார்.

மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, ராமநாதபுரம், ஆர்.எஸ். மங்கலம், திருவாடானை என்று கடலோர ஒன்றியம் ஒவ்வொன்றிலும் வட்டார வள மையம் இருக்கிறது. உங்கள் ஊர் எந்த ஒன்றியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் வேறு ஒன்றியமாக இருக்கும். அங்கே போய் அலைந்துவிட்டு வருவதில் ஒரு நாள் கூலி போய்விடும்.

காகித வேலை

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதாவது யூடிஐடி அட்டை, இல்லாவிட்டாலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம், பேசலாம். ஆனால் உதவித்தொகை, தேர்வுச் சலுகை என்று வரும்போது அது வேண்டும். இ-சேவை மையத்தில் இணையவழி விண்ணப்பித்துவிட்டு, மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். காதுக்கு ஒரு டாக்டர், மனநலத்துக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர். எந்த நாளில் யார் பார்ப்பார் என்று முதலிலேயே விசாரித்துவிட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுங்கள். பள்ளி வழியாக நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் கிடைத்தால் இன்னும் நல்லது. முகாம் எப்போது என்று ஸ்பெஷல் டீச்சருக்குத் தெரியும். சக்கர நாற்காலி, காது மிஷின் போன்ற உபகரணங்களுக்கு அளவெடுப்பதும் இப்படிப்பட்ட முகாம்களில்தான்.

40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40இலிருந்து 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் என்றால் நீலம். சலுகைகளில் பெரும்பாலானவை 40இலிருந்து தொடங்கும். சான்றிதழில் மறுமதிப்பீட்டுத் தேதி போட்டிருந்தால் அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீட்டில் கையில் காசு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அப்பாவும் கரையில் இருக்கும் காலம் அதுதான். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆஸ்பத்திரி, அட்டை, வங்கிக் கணக்கு வேலைகளை அந்த இடைவெளியில் முடித்துவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது பேச்சை மட்டும் பார்க்கலாம்.

இன்னொன்று. ஏர்வாடி தர்காவிலோ கோவிலிலோ சர்ச்சிலோ நேர்ந்துகொள்வது உங்கள் மனசுக்கு வேண்டியது, செய்யுங்கள். அதற்காகக் காதுப் பரிசோதனையை ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டாம். பேச்சு வரவேண்டிய வயதில் போகும் ஒரு வருஷம் பெரிய வருஷம்.

கூட்டத்தை எழுதிக் கேளுங்கள்

வாசலில் நின்று "ஒரு நாள் பேசணும் சார்" என்றால் "பேசலாம்மா" என்பதோடு முடிந்துவிடும். ஒரு வெள்ளைத்தாள் போதும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, என் மகன் தங்கள் பள்ளியில் 3ஆம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். வகுப்பில் அவனுக்குத் தேவையான வசதிகள் பற்றியும் தனிநபர் கல்வித் திட்டம் பற்றியும் பேச, வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் உடனிருக்கும்படி ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வியாழன் அல்லது வெள்ளி என்றால் நானும் என் கணவரும் வர இயலும்."

படகு கடலுக்குப் போகாத நாளைப் பார்த்துக் கிழமையைப் போடுங்கள். பாசி எடுக்கப் போகிற அம்மாக்கள் நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இதெல்லாம் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டாம்; கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எழுத வராவிட்டால் மகளிர் குழுவில் எழுதத் தெரிந்த யாராவது எழுதித் தரலாம்.

முந்தின நாள் ஒரு பக்கம்

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பது பிள்ளையின் குறை. உங்களுக்குத்தான் பிள்ளையைத் தெரியும். அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். நாலு விஷயம் போதும்: எப்படிப் பேசுகிறான், எதை நன்றாகச் செய்கிறான், எது வந்தால் அவனுக்குத் தாங்காது, தாங்காமல் போனால் வீட்டில் என்ன செய்வீர்கள்.

பாம்பன் பக்கம் ஓர் அம்மா எழுதிக் கொண்டுவந்த தாளில் இருந்தது இது: "வேண்டியதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவான். மீன் கூடையைக் கொட்டினால் சூடை தனி, காரல் தனி, நகரை தனி என்று பிரித்துவிடுவான், ஒன்றுகூட மாறாது. மிக்சி சத்தம், வெடிச் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். ஓடினால் கத்தக் கூடாது, முன்னால் போய் உட்கார வேண்டும்." அதுவரை "இவனுக்கு எதுவுமே புரியலைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுக்க முடியும் என்பது ஆசிரியருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படத்தாளை விட்டுவிட்டுச் சிப்பியையும் சோழியையும் வைத்துத் தொடங்கினார்கள்.

அதே தாளின் பின்பக்கம், நீங்கள் கேட்கப்போகும் மூன்று விஷயங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். மூன்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்தில்

தனியாகப் போகாதீர்கள். கணவர் கடலில் இருந்தால் தங்கையோ பக்கத்து வீட்டு அக்காவோ வரட்டும். அவர் பேச வேண்டாம், எழுதினால் போதும். பிள்ளையைக் கூட்டிப்போவதா என்று கேட்பார்கள். முதல் பத்து நிமிடம் இருக்கட்டும், அப்புறம் வெளியே விளையாடட்டும் என்பதுதான் என் கருத்து. தன்னைப் பற்றி நாலு பேர் குறை சொல்வதை எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. பேசாத பிள்ளைக்கும் காது கேட்கும்.

உட்கார்ந்து பேசுங்கள். நாற்காலி போடாவிட்டால் "உட்காரலாமா சார்?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். புரியாத வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வைத்திருக்கிறார்கள். "என் பிள்ளை தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, போன பருவத்தில் எந்த நிலை?" என்று கேட்டால் பேச்சு உடனே தெளிவாகிவிடும். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பதிவில் பிள்ளையின் குறைபாட்டு வகை சரியாக ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கே ஏறாத பிள்ளைக்கு முகாம் அழைப்போ உதவித்தொகையோ வருவது கஷ்டம்.

எதைக் கேட்பது என்பது பிள்ளையைப் பொறுத்தது. காது மிஷின் போடும் பிள்ளை என்றால் முன்வரிசை, ஆசிரியர் முகம் தெரியும் இடம், சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே இல்லாமல். கடல் காற்று வீசும் பக்கத்து ஜன்னலும் வேண்டாம். மிஷின் அந்த இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். பாட்டரி தீர்ந்தால் வகுப்பில் யார் மாற்றுவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பாட்டரி தீர்ந்த மிஷினை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு, "கவனிக்கவே மாட்டேங்கிறான்" என்ற பெயரோடு. நம் பக்கத்து உப்புக்காற்றும் ஈரமும் மிஷினுக்கு எமன். ராத்திரி பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் மிஷினை வைப்பது வீட்டு வேலை.

ஆட்டிசம் உள்ள பிள்ளை, திடீரென்று ஓடும் பிள்ளை என்றால் மூன்று கோரிக்கையில் முதல் கோரிக்கை வாசல் கதவு. தண்ணீரைப் பார்த்தால் இழுக்கப்படும் பிள்ளைகள் இவர்களில் நிறைய. பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெரு மட்டும் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. இடைவேளையில் கதவு பூட்டியிருக்குமா, யார் பார்ப்பது, பிள்ளை காணவில்லை என்றால் முதலில் யார் கரைப்பக்கம் ஓடுவது, உங்களுக்கு யார் போன் செய்வது என்று பெயரோடு முடிவாக வேண்டும். படிப்பெல்லாம் இதற்கு அப்புறம்தான். சுற்றுச்சுவர் இல்லாத பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. சாய்தளம், கைப்பிடி வைத்த கழிப்பறை போன்ற கட்டட வேலைகளுக்கும் அதுவே சரியான இடம். வகுப்பாசிரியரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு பயணப்படி, துணைக்கு வருபவருக்கான படி, பெண் பிள்ளைக்கு ஊக்கத்தொகை எல்லாம் திட்டத்தில் உண்டா, இந்த ஆண்டுப் பட்டியலில் பெயர் போயிருக்கிறதா என்று ஸ்பெஷல் டீச்சரிடம் கேளுங்கள். குப்பத்து மணலில் சக்கர நாற்காலி உருளாது. தார்ச்சாலை வரை தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

மிகவும் சிரமமுள்ள பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வகுப்பில் உட்காரக்கூடிய பிள்ளையை "வீட்டுலேயே வெச்சுப் பாத்துக்கங்க, டீச்சர் வருவாங்க" என்று அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "வாரத்தில் மூன்று நாளாவது, காலையில் இரண்டு மணி நேரமாவது பள்ளிக்கு வரட்டும், மெதுவாகக் கூட்டலாம்" என்று பேசிப் பாருங்கள்.

தனியார் பள்ளியில் வேறு பாட்டு பாடுவார்கள்: "நம்ம ஸ்கூல் உங்க பிள்ளைக்கு செட் ஆகாதுங்க." கோபப்படாமல், "அதை எழுத்தில் கொடுங்கள் சார்" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். டிசி வேண்டும் என்று நீங்களே கேட்பதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். வெற்றுத்தாளிலும் போடாதீர்கள். "வீட்டில் கலந்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்துவிடலாம்.

சொன்னதை எழுத்தாக்குங்கள்

கூட்டம் முடியும் முன் உங்கள் நோட்டில் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் என்ன, யார், எப்போதிலிருந்து என்ற மூன்றும் இருக்க வேண்டும். "முன்வரிசை இருக்கை, வகுப்பாசிரியர், நாளையிலிருந்து." "பாட்டரி மாற்றுவது, சத்துணவு நேரத்தில், வகுப்பாசிரியர். கூடுதல் பாட்டரி கொடுத்து வைப்பது, அம்மா." உங்கள் பங்கும் அதில் இருந்தால் அவர்களுக்கும் எழுத மனம் வரும்.

படிப்பு இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'நன்றாகப் படிக்க முயற்சி எடுக்கப்படும்' என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கேட்க முடியாது. 'காலாண்டுக்குள் தன் பெயரைப் பார்க்காமல் எழுதுவான், அரையாண்டுக்குள் 20 வரை பொருளை எண்ணிக் கொடுப்பான்' என்று இருந்தால் காலாண்டு முடிந்ததும் போய்க் கேட்கலாம். தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நோட்டில் கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அன்று மாலையே வாட்ஸ்அப்பில், "வணக்கம் டீச்சர், இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நாம் பேசியது இவை" என்று வரிசையாக அனுப்பிவிடுங்கள். தவறாக இருந்தால் அவர் திருத்துவார். இல்லாவிட்டால் அதுவே பதிவு.

அப்புறம் மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் போய்ப் பாருங்கள். குறை சொல்ல மட்டும் போகிற பெற்றோராக இருக்காதீர்கள். பிள்ளை வீட்டில் புதிதாக ஒன்று சொன்னால் அதையும் போய்ச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் ஆசிரியருக்கும் நல்ல சேதி வேண்டும்.

பத்தாம் வகுப்பு பற்றி இப்போதே

கற்றல் குறைபாடு, காது, கண், கை சம்பந்தப்பட்ட பிள்ளைகளுக்கு அரசுப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. எது யாருக்கு என்பது குறைபாட்டைப் பொறுத்தது. தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் போய் நின்றால் ஓட்டமும் நடையும்தான். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே ஒரு கூட்டம் கேளுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதுக்கு முன் சான்று தர மாட்டார்கள். அதற்கு அப்புறம் தாமதிக்கவும் வேண்டாம். சொல்வதை எழுதுபவரை வைத்து எழுதுவதும் ஒரு பழக்கம். பள்ளித் தேர்வுகளிலேயே அப்படி எழுதிப் பழகட்டும்.

ஒத்துவராவிட்டால்

படி தாண்டாமல் ஏறுங்கள். தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் ஒரு நினைவூட்டல். பதில் இல்லை என்றால் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கு என்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் உண்டு. சட்டப் பிரிவை எழுத வேண்டிய இடம் இந்த மனுக்கள்தான். பழைய கடித நகல்களையும் சேர்த்துப் பின் செய்யுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு போன்ற பிரிவுகளில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் அங்கேதான். பதில் இழுத்துக்கொண்டே போனால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று ஒரு கேள்வி போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பெரும்பாலான விஷயங்கள் இவ்வளவு தூரம் போவதில்லை, தலைமையாசிரியர் அறையிலேயே முடிந்துவிடும். சிக்கல் மறுபடி தலைதூக்குவது பள்ளி மாறும்போதுதான். 5ஆம் வகுப்பு முடிந்து பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கோ, 8 முடிந்து டவுன் மேல்நிலைப் பள்ளிக்கோ போகும்போது டிசி மட்டும்தான் கூடப் போகும். ஸ்பெஷல் டீச்சர் எழுதிய திட்டமும் வகுப்பாசிரியருக்குத் தெரிந்த பக்குவங்களும் பழைய பள்ளியிலேயே நின்றுவிடும். டிசி வாங்கும் அன்றே திட்ட நகல், மதிப்பீட்டுத் தாள்கள், உங்கள் ஒரு பக்கத் தாள், கடித நகல்கள் எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டுக்கொள்ளுங்கள். புதிய பள்ளியில் சேர்க்கை முடிந்த வாரமே முதல் கடிதத்தைக் கொடுங்கள். காலாண்டில் மார்க் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஸ்பெஷல் டீச்சர் முதன்முதலாகப் பிள்ளையைப் பார்ப்பதற்குள் ஒரு பருவம் போய்விடும்.